நெஞ்சுக்குள் இருந்த சத்தம்

வீட்டில் எனக்குப் பல்லி என்று பெயர். அக்காவால் வந்த பெயர். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவள் இதயத்தின் வால்வு கெட்டுப்போய்விட்டது. பள்ளி முடிக்கும் முன்பே நெஞ்சைத் திறந்து உலோக வால்வு ஒன்றை வைத்தார்கள். அன்றிலிருந்து அவள் பக்கத்தில் படுத்தால் டிக், டிக் என்று கேட்கும். நான் நாக்கை அண்ணத்தில் ஒட்டி அதே மாதிரி சத்தம் போட்டுச் சீண்டுவேன். "சுவத்துல பல்லி கத்துது, யாராவது விரட்டுங்க" என்பாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சத்தத்தை வைத்து வீட்டில் எத்தனையோ கேலி. ஒருமுறை பரீட்சை அறையில் ஆசிரியர் வந்து கடிகாரத்தைக் கழற்றச் சொன்னாராம். அக்கா வெறும் கையை நீட்டிக் காட்டியும் நம்பாமல் மேசைக்கு அடியில் குனிந்து தேடினாராம். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், பஸ் பட்டறையில் மெக்கானிக். "எத்தனையோ இன்ஜினைப் பாத்திருக்கேன், இவ்வளவு சுத்தமா ஓடறத பாத்ததில்ல" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார்.

அவருக்கு இரவு வேலை என்றால் நான் அக்காவோடு படுப்பேன். அவள் கர்ப்பமானதும் பழைய மாத்திரையை நிறுத்தி ஊசி கொடுத்தார்கள். வால்வில் ரத்தம் உறையாமல் இருக்க, காலையும் மாலையும் வயிற்றில் போட வேண்டிய ஊசி. அம்மாவுக்கு ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும். அதனால் என் தலையில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் இதயநோய் உள்ள கர்ப்பிணிகளுக்கென்று இருக்கும் பிரிவில் ஒரு நர்ஸ் இருக்கிறார். ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்து என்னைக் குத்திப் பழகச் சொன்னார்.

"தோலைக் கிள்ளிப் பிடி. நேரா குத்து. எடுத்ததும் தேய்க்காத, கன்னிப்போயிடும்."

வீட்டில் முதல் ஊசிக்கு என் கை நடுங்கியது. "நீ எதுக்குடி நடுங்கற? குத்து வாங்கப்போறது நான்" என்றாள் அக்கா. அவ்வளவுதான், சிரித்துக்கொண்டே குத்திவிட்டேன். ஒரு வேளைகூட விட்டதில்லை.

போன வாரம் திடீரென்று எனக்கு நல்ல தூக்கம். படுத்ததும் கண் அசந்துவிடும். ஏன் என்று யோசித்தபோதுதான் புரிந்தது, அக்காவின் சத்தம் கேட்கவில்லை. காதை நெஞ்சில் வைத்தால் எங்கேயோ பஞ்சுக்குள் தட்டுவதுபோல இருந்தது. அம்மாவிடம் சொன்னேன்.

"வயிறு மேல ஏறுதுல்ல, அதான் அமுங்கிடுச்சு. பிள்ளை நல்லா வளருதுன்னு அர்த்தம்."

"ஆயில் புடிச்சிருச்சு போல" என்றார் மாமா.

எல்லோருக்கும் சந்தோஷம். அக்கா மட்டும் தலை குனிந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போகும் முறை. நர்ஸ் அக்காவை எடை பார்த்தார், காலை அழுத்தி வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "ஊசி ஒழுங்கா போகுதா டாக்டரம்மா?" என்றார்.

"அதெல்லாம் போகுது சிஸ்டர். இவ கடிகாரம்தான் இப்பல்லாம் ஓடற சத்தமே காணோம்."

சிரிப்பார் என்றுதான் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். அக்காவின் முகத்தருகே குனிந்து, "வாயத் தொறந்து மூச்ச புடிங்கம்மா" என்று திறந்த வாயருகே காதை வைத்தார்; வால்வின் சத்தம் வாய் வழியாகவும் வருமாம். பிறகு நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். எழுந்த அக்காவை, "உக்காருங்க. இனி ஒரு அடி நடக்கக் கூடாது" என்று தோளில் கை வைத்து உட்கார்த்தி, சக்கர நாற்காலியை அவரே போய்த் தள்ளிவந்தார்.

ஸ்கேன் திரையில் டாக்டர் எங்களுக்குக் காட்டினார். வால்வில் இரண்டு கதவுகள். ஒன்று திறந்து மூடிக்கொண்டிருந்தது. இன்னொன்று அசையவில்லை. அதில் ரத்தம் உறைந்து ஒட்டியிருக்கிறது. கரைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கரைந்தால் பிழைத்தாள். அந்த மருந்தே வேறு எங்காவது ரத்தம் கசிய வைக்கலாம், தலையில், இல்லை பிள்ளை இருக்கும் இடத்தில். கரையாவிட்டால் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும். பிள்ளைக்கு ஆறு மாதம்தான் ஆகிறது. மாமா கையெழுத்துப் போட்டார்.

"சிஸ்டர், நான் போட்டதுல ஏதாவது தப்பா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. நீ சரியாத்தான் போட்ட. பிள்ளை வளர வளர மருந்து பத்தாமப் போயிருக்கு. ஒரு ரத்த டெஸ்ட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுலயே இப்படி ஆயிடுது சிலருக்கு."

"அப்ப யார் மேல தப்பு?"

"யார் மேலயும் இல்ல."

யார் மேலாவது இருந்திருந்தால் கோபப்படவாவது முடிந்திருக்கும்.

இப்போது வார்டில் பெரிய விளக்கை அணைத்துவிட்டார்கள். ஒரு பெண் துணைக்கு மட்டும் அனுமதி. அம்மா படுக்கையைப் பார்த்ததும் அழுதுவிட்டதால் வெளியே மாமாவோடு இருக்கிறாள், உள்ளே நான். அக்காவைத் தலைமாட்டை உயர்த்தி, இடுப்புக்குக் கீழே தலையணை கொடுத்து, இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். நர்ஸ் வேலை நேரம் முடிந்தும் போகவில்லை. அடிக்கடி வந்து சின்ன டார்ச்சால் ஈறுகளைப் பார்க்கிறார், துணியை விலக்கி ரத்தம் படிந்திருக்கிறதா என்று பார்க்கிறார், வயிற்றில் கருவியை வைத்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்கிறார். குதிரை ஓடுவதுபோல அது மட்டும் கவலையில்லாமல் ஓடுகிறது. எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஊசிகூட வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்தச் சொட்டு விழுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"பல்லி" என்றாள் அக்கா. குரல் மூச்சில் பாதியாக வந்தது. "எனக்குப் போன வாரமே தெரியும்டி."

"என்னக்கா?"

"சத்தம் மாறிப்போச்சுன்னு. உள்ள இருக்கறவளுக்குத் தெரியாதா? சொன்னா கலைச்சுடுவாங்கன்னு..." இருமல் வந்தது. நர்ஸ் ஓடிவந்து அவளை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினார். "பேசாதீங்கம்மா. மூச்சு வேணும்."

திட்ட வேண்டும்போல இருந்தது. படுத்திருப்பவளை எப்படித் திட்டுவது?

நர்ஸ் போனதும் அவள் வாயருகே காதை வைத்துக் கேட்டேன். மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

"கேக்குதா?"

"இல்லக்கா."

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து என் விரலைப் பிடித்தாள்.

"அது இல்லாம தூக்கம் வரல. நீ போடேன்."

"என்னது?"

"பல்லி சத்தம்."

நாக்கை அண்ணத்தில் ஒட்டினேன். டிக். அவள் விரல் கொஞ்சம் தளர்ந்தது. டிக். டிக். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். நர்ஸ் டார்ச்சோடு வந்தார். ஈறைப் பார்த்தார், சொட்டு விழுவதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். எனக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார்.

அக்கா தூங்குகிறாள். ஸ்கேன் மறுபடி காலையில்தான். நாக்கு வறண்டு உள்ளே எரிகிறது. தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. எடுத்துக் குடிக்க வேண்டுமென்றால் நிறுத்த வேண்டும். நிறுத்தப் பயமாக இருக்கிறது.