தாய் வழி வந்த கண்

1961 ஆனி மாதம் என் பேரன் தாணுமாலயன் ரயில்வே எழுத்துப் பரீட்சையில் தேறினான். கண் பரிசோதனையில் தோற்றான். தூரத்து எழுத்தையெல்லாம் கடகடவென்று படித்தானாம். சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இருபது வயதுக்காரன், வேறு வேலை தேடிக்கொள்வான். அதற்காக நான் ஒரு நாளும் வருந்தவில்லை.

என்னைக் கொதிக்க வைத்தவர் என் சம்பந்தி, ஆலங்குளத்துக் குத்தாலிங்கம். பாவூர்சத்திரம் சந்தையில் கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, “எங்க வம்சத்துல கண்ணு பழுது கிடையாதுய்யா. தென்காசியில பொண்ணு எடுத்தோம். அங்கன இருந்து வந்த குறை இது” என்று பத்துப் பேர் கேட்கச் சொல்லியிருக்கிறார். சொன்னதோடு விட்டாரா? “உங்க அப்பாகிட்ட இதுக்கு ஒரு பதில் வாங்கிட்டு வா” என்று என் மகள் முத்துவடிவைப் பஸ் ஏற்றிவிட்டார். மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் அந்த வீட்டில் உழைத்தவள் தகரப் பெட்டியோடு என் வாசலில் வந்து இறங்கியதைத் தெருவே பார்த்தது.

எங்கள் குடும்பத்தில் வாழப் போன பெண் எவளும் அப்படித் திரும்பி வந்ததில்லை. குறை எங்கள் வழி வந்ததல்ல என்று படித்த டாக்டர் ஒருவரிடம் எழுதி வாங்கி, அந்தக் காகிதத்தைக் குத்தாலிங்கத்தின் முகத்துக்கு நேரே நீட்டுவது என்று முடிவு செய்தேன்.

குற்றாலத்தில் சீசன் நடந்துகொண்டிருந்தது. மதுரைக் கண் டாக்டர் ஒருவர் வருஷந்தோறும் ஐந்தருவிப் பக்கம் பங்களா எடுத்துத் தங்குவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். சாரலில் குடை பிடித்துக்கொண்டு போனேன். டாக்டர் பங்களாவில் இல்லை. அருவிக்குப் போகும் பாதையில், இடுப்பில் ஒரு துண்டோடு, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தார். எண்ணெய் தேய்ப்பவன் முதுகில் மத்தளம் வாசித்துக்கொண்டிருந்தான். ஒரு டாக்டரிடம் இந்தக் கோலத்தில் போய்ப் பேச எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. என்ன செய்ய? விஷயத்தைச் சொன்னேன்.

“தாய் வழியாத்தான் வரும், பெரியவரே” என்றார், கண்ணைத் திறக்காமலே.

“அதெப்படி? என் மகளுக்கு நிறம் நல்லாத் தெரியும். ஊசிக்கு நூல் எடுத்தா அச்சு அசலா அதே நிறத்துல எடுப்பா.”

“அவங்களுக்குத் தெரியும். கண்ணுக்குப் பின்னால திரை மாதிரி ஒண்ணு இருக்கு. நிறம் பிரிக்கிற அணுக்கள் அதுலதான் இருக்கு, மூணு வகையா. உங்க பேரனுக்கு அதுல ஒரு வகை சரியில்லை. மூளைக்குப் போற நரம்பு நல்லாத்தான் இருக்கு. போற சேதியிலதான் குறை. அந்தக் குறையைப் பெண்கள் பெரும்பாலும் சுமப்பாங்களே தவிர, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

“பாடமெல்லாம் வேண்டாம் டாக்டர். எங்க வீட்டுல இருந்து வரலைன்னு ஒரு வரி எழுதிக் குடும்.”

அவர் இப்போதுதான் கண்ணைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்தில் தங்கபுஷ்பம் என்றொரு பழக்காரி ரம்புட்டான் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். “அந்தக் கூடையில பழுத்ததா நாலு எடுங்க. அமுக்கிப் பார்க்காம, கண்ணால பார்த்து” என்றார் டாக்டர்.

என்னை என்ன பள்ளிக்கூடத்துப் பையன் என்று நினைத்தாரா? எரிச்சலோடு குனிந்து நான்கை எடுத்து வைத்தேன்.

பழக்காரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். “என்னய்யா, மூணு காயால்லா பொறுக்கியிருக்கீய! அணிலு கூட தொடாது.”

“ஏட்டி, உன் கூடையில எல்லாம் ஒரே நிறமாத்தானே இருக்கு!”

“ஒரே நிறமா? செக்கச்செவேல்னு கிடக்குது, பக்கத்துல பச்சைக் காயி. கண்ணாடி போட்டுக்கிட்டு வாங்கய்யா.”

எண்ணெய்க்காரன் கை நின்றுவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை, அந்த மரியாதை அவரிடம் இருந்தது. “உங்க மகளுக்கு உங்ககிட்ட இருந்துதான் போயிருக்கு. அவங்ககிட்ட இருந்து பேரனுக்கு. இது நோயில்லை, குத்தமும் இல்லை. பிறவியிலேயே அப்படி” என்றார்.

எனக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. அத்தனை வருஷமும் உலகம் எல்லாருக்கும் நான் பார்க்கிறபடிதான் இருக்கிறது என்று எண்ணியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து என் மனைவி சொக்கம்மாளிடம் கேட்டேன். அவள் அடுக்களையில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

“கல்யாணமான வருசமே எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“ஆடி மாசக் கோயில் கொடைக்கு அம்மனுக்குச் சிவப்புப் பட்டு சாத்துதது நம்ம வீட்டு உரிமை. மூத்த ஆம்பளைதான் கையால எடுக்கணும். நீங்க மொத தடவை எடுத்துட்டு வந்தது கிளிப்பச்சை. நான் கிதிர் முகம்மது அண்ணாச்சி கடைக்குச் சொல்லிவிட்டு மாத்தினேன். அப்புறம் அவரு சிவப்பு மட்டும்தான் உங்க முன்னால விரிப்பாரு. நீங்களும் அரைமணி நேரம் புரட்டிப் பாத்து ஒண்ணு எடுப்பீய.”

“ஏன் ஒருத்தரும் சொல்லலை?”

“சொல்லிட்டு யாரு உங்ககிட்ட ஏச்சு வாங்குதது?”

ஜவுளிக் கடைக்காரருக்குத் தெரியும். கோயில் பூசாரிக்குத் தெரியும். என் குடும்பத்தின் பெயரை நான் காத்துக்கொண்டிருப்பதாக நினைத்திருக்கிறேன். இவர்களெல்லாம் சேர்ந்து என் பெயரைக் காத்துவந்திருக்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்! யாரைக் கோபிப்பது என்றே விளங்கவில்லை.

பின்கட்டில் முத்துவடிவு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து அவள் வாசல் பக்கமே வருவதில்லை. “அம்மா சொன்னா” என்றாள். “ஆலங்குளத்துல சொல்ல வேண்டாம்ப்பா. உங்களைப் பேசுவாங்க.”

“இப்ப உன்னைப் பேசுதாங்களே.”

மறுநாள் காலை பஸ்ஸில் ஆலங்குளம் போனேன். குத்தாலிங்கம் வீட்டு முன்கூடத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. காப்பி வந்தது, தொடவில்லை.

“நீங்க கேட்ட பதிலைக் கொண்டுவந்திருக்கேன்” என்றேன். “குறை என் வழி வந்ததுதான். எனக்கும் சிவப்பு, பச்சை தெரியாது. நேத்துத்தான் டாக்டர் சொன்னாரு. என் மகளுக்கு இதுல சம்பந்தம் கிடையாது. இனி யாரும் அவ பேரை எடுக்கக் கூடாது.”

குத்தாலிங்கம் துள்ளுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ வெளியே எட்டிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

“மெல்லப் பேசுங்க அண்ணாச்சி. பரம்பரைக் குறைன்னு ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு நம்ம பேரனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?”

“சந்தையில மூட்டை தூக்குதவன் முன்னால சொன்னப்ப அவன் உங்களுக்குப் பேரன் இல்லையோ?”

குத்தாலிங்கம் என் கையை விட்டார். உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் இருமினார்.

“சரி, விடுங்க. ராத்திரி கார் அனுப்புதேன். மருமகளை அதுல ஏத்தி விட்டுருங்க.”

“ராத்திரி வேண்டாம், காரும் வேண்டாம். அவ வந்து இறங்குனதை ஊரு பகல்ல பாத்துது. மாப்பிள்ளை பகல்ல வரணும். பஸ் ஸ்டாண்டுல இறங்கி, எங்க தெரு வழியா நடந்து வந்து கூப்பிடணும்.”

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை வந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. நடந்துதான் வந்தார்.