பால் மறந்த மாதங்கள்

விடியற்காலையில் எருமைகள் வீடு திரும்பும் மணிச் சத்தத்தில்தான் ஹூர்பாய்க்கு விழிப்பு வரும். புஜ் நகருக்கு வடக்கே விரிந்த பன்னிப் புல்வெளியின் எருமைகள் இரவெல்லாம் தாமாக மேய்ந்துவிட்டு, கிழக்கு வெளுக்கும்போது தாமாக வந்து சேர்பவை. பனிக்குள்ளிருந்து முதலில் மணி கேட்கும். பிறகு கொம்பு, பிறகு கறுத்த முதுகு. அந்த மணி காதில் விழுந்ததும் அவள் மார்பிலும் பால் கட்டிக்கொள்ளும். குழந்தை மலூக் கண்ணைத் திறக்காமலேயே வாயைத் தேடுவான். அப்போதெல்லாம் தூக்கம் எங்கே முடிகிறது, விழிப்பு எங்கே தொடங்குகிறது என்று அவளுக்குப் பிடிபடுவதில்லை. வட்ட வீட்டின் மண்சுவரில் பதித்த கண்ணாடித் துண்டுகளில் வெளிச்சம் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்த்தபடியே கிடப்பாள்.

அப்படி ஒரு காலையில்தான் துணியை மாற்றும்போது அதைப் பார்த்தாள். சில நாட்களாகவே மலூக் போவது மூக்குச்சளி மாதிரி கொழகொழவென்று இழுத்தது. அன்றைக்கு மஞ்சளுக்கு நடுவே மெல்லிய சிவப்பு இழை ஒன்று ஓடியது. அவள் பாவாடை விளிம்பில் போடும் தையலிலிருந்து அறுந்து விழுந்த நூல் என்றே முதலில் நினைத்தாள். விரலால் எடுக்கப் போனாள். நூல் இல்லை. விரலில் கரைந்தது.

மாமியார் இல்லாத வீடு அது. கணவனின் அண்ணன் மனைவி ரஹ்மத்தான் பாலையும் நெய்யையும் ஆட்களையும் ஆள்பவள். ஹூர்பாய் துணியைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினாள்.

"சூடு, புள்ள. வேறென்ன?" என்றாள் ரஹ்மத், பால் குடத்தை இறக்காமலே. "ஒரு சொம்பு மோர் குடி. ராத்திரிக்கு நெய் கூட ஊத்திக்க. தாய் குளிர்ந்தா புள்ள குளிரும்."

"சளி மாதிரியும் இருக்குக்கா."

"அவன் மூஞ்சியப் பாரு. பொழுதுக்கும் சிரிச்சுக்கிட்டு கெடக்கான். நோவு கண்ட புள்ள இப்படியா சிரிக்கும்?"

அது உண்மைதான். மலூக் நன்றாகத்தான் குடித்தான், கனத்தான், கால்களை உதைத்துச் சிரித்தான். அதனால்தான் அந்தச் சிவப்பு அவளுக்குக் கனவில் கண்டது போலவே இருந்தது. வெளியே சொன்னால் பொய்யாகிவிடும் போல. அவள் மோர் குடித்தாள். கம்பு ரொட்டி மிதக்க நெய் ஊற்றிக்கொண்டாள். தூங்கப் போகுமுன் ரஹ்மத் பாசத்தோடு நீட்டிய சுண்டக் காய்ச்சிய பாலையும் குடித்தாள். இழை ஒன்று இரண்டாயிற்று. சில காலைகளில் சிறு பொட்டுகளாகவும் சிதறிக் கிடந்தது.

கடைசியில் கணவன் மித்தனைக் கூப்பிட்டுத் துணியை வெயிலில் விரித்தாள். அவன் முகம் சுளிக்கவில்லை. தினமும் தொழுவத்தில் குனிந்து சாணம் பார்ப்பவன்தானே. குந்தி உட்கார்ந்து, ஒரு குச்சியால் விலக்கிப் பார்த்தான்.

"எத்தன நாளா?"

"கொஞ்ச நாளா. அக்கா சூடுங்கறாங்க."

"எருமைக் கன்னு இப்படிப் போனா நான் சூடுன்னு விட்டுருவேனா?" என்றான் அவன். "கெளம்பு. புஜ்ஜுக்குப் போவோம். இந்தத் துணிய மடிச்சு எடுத்துக்க."

சீமைக்கருவேலங் காட்டைக் கிழித்துப் போகும் சாலையில் பைக் பறந்தது. கானல் இருபுறமும் தண்ணீராகத் தளும்பியது. குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஹூர்பாய் கண்ணை மூடினாள். உப்புப் பூத்த அந்த வெள்ளைத் தரை முழுவதும் பாலாகி அசைவதாகவும், அதன்மேல் தாங்கள் நனையாமல் மிதந்து போவதாகவும் தோன்றியது. முதல் முறையாக அந்த வெள்ளை அவளுக்குப் பயமாக இருந்தது.

குழந்தை மருத்துவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். துணியை வாங்கிப் பார்த்தார். குழந்தையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஆசனவாயில் வெடிப்பு ஏதும் இல்லையே என்று பார்த்தார். காய்ச்சல், வாந்தி பற்றிக் கேட்டார். மலத்தைச் சோதிக்க அனுப்பி, தொற்று இல்லை என்று முடிவு வந்த பிறகே பேசினார்.

"தாய்ப்பால் மட்டுந்தானே குடுக்கறீங்க?"

"ஆமாம்மா. வேற ஒரு சொட்டு குடுத்ததில்ல."

"நீங்க என்ன சாப்பிடுறீங்க?"

ஹூர்பாய் சொல்லச் சொல்ல மருத்துவரின் பேனா நின்றுவிட்டது. பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், கோவா, பால் ஊற்றிய டீ.

"பாலுல ஒரு சத்து இருக்கு. அது உங்க உடம்பு வழியா உங்க பாலுக்குள்ள கொஞ்சம் போகுது. இவன் குடலுக்கு அது ஒத்துக்கல. அதான் உள்ள புண்ணாகி சளியும் ரத்தமும் வருது. பயப்படாதீங்க, பெரும்பாலும் வளர வளர சரியாயிடும். நீங்க குடுக்கறத நிறுத்தாதீங்க. நீங்க குடிக்கறத நிறுத்துங்க."

"எருமைப் பாலும் ஆகாதாம்மா? எங்ககிட்ட எருமைதான்," என்றாள் ஹூர்பாய்.

"எருமை, மாடு, ஆடு எல்லாம் ஒண்ணுதான் இவனுக்கு. நெய்கூட வேண்டாம்."

மித்தன் தலையாட்டினான். "கன்னு கழிஞ்சா, தாய் எந்தப் பக்கம் மேஞ்சதுன்னு நாங்களும் பாப்போம்மா."

"அவ்வளவுதான்," என்று மருத்துவர் சிரித்தார். "இவங்களுக்கு இனிமே வேற மேய்ச்சல்." எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதி, எள்ளும் கீரையும் பருப்பும் நிறையச் சாப்பிடச் சொன்னார்.

வீட்டில் கேட்டதும் ரஹ்மத் இடுப்பில் கை வைத்தாள். "பன்னியில பொறந்த புள்ளைக்கு பால் ஒத்துக்கலையா? வெளிய சொல்லிராத, எருமைகூட சிரிக்கும்." பிறகு குரல் இறங்கியது. "பச்ச ஒடம்புக்காரி நெய்யில்லாம எப்படித் தாங்குவ?"

ஹூர்பாய் பால் மறந்தாள். மறப்பது என்றால் சும்மாவா? காலையும் மாலையும் வீடே பால் மணக்கும். கறக்கும் நுரையின் சத்தம் சுவரில் ஏறி இறங்கும். கோவா காய்ச்சும் நாட்களில் இனிப்புப் புகை கூரைக்குள் தங்கி, அவள் கூந்தலில் படிந்து, தூக்கத்துக்குள்ளும் வரும். கனவில் யாரோ கிண்ணம் நீட்டுவார்கள்; வாயருகே கொண்டுபோகும்போது மணி கேட்டு விழித்துவிடுவாள். வெறும் டீயும், நல்லெண்ணெய் தடவிய ரொட்டியும், எள்ளும் வெல்லமுமாக நாட்கள் கழிந்தன. துணியில் முதலில் பொட்டுகள் மறைந்தன. பிறகு இழை. சளி கடைசியாகத்தான் போனது. ஒருநாள் நல்ல கடுகு மஞ்சளாக, துளி சிவப்பில்லாமல் கிடந்ததைக் கண்டு, அழுக்குத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே வாசலில் நின்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. மறுபடி ஒரு காலை, மறுபடி அந்த இழை. ஹூர்பாய்க்குப் பால் சேர்ந்த எதையும் சாப்பிட்ட நினைவில்லை. ரஹ்மத்திடம் காட்டினாள். ரஹ்மத் துணியைப் பார்த்தாள். கைகளில் குடம் இல்லை, இந்த முறை நன்றாகவே பார்த்தாள்.

"நாந்தான்," என்றாள்.

"என்னக்கா?"

"மூணு வேளையா மாவுல நெய் போட்டுப் பெசஞ்சேன். நீ தேஞ்சு போறியேன்னு மனசு கேக்கல. டாக்டரு சும்மா சொல்றாங்கன்னு நெனச்சேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் போட்ட நெய்யி புள்ள குடலக் கீறியிருக்கு."

ஹூர்பாய்க்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் அது களைத்தும் போனது. "ஆசையில போட்டதுதானே," என்று மட்டும் சொன்னாள். ரஹ்மத் அன்றே ஹூர்பாயின் ரொட்டி சுடுவதற்கென்று தனியாக, தோசைக்கல் அளவில் ஒரு மண் ஓடு வாங்கிவரச் சொன்னாள். அதன் பக்கம் நெய்க் கரண்டியோடு யார் போனாலும் திட்டு விழுந்தது. விருந்தாளிகள் ஹூர்பாய்க்கு டீ நீட்டினால், "அவளுக்கு ஆகாது, என் புள்ளைக்கு ஆகாது" என்று அவளே இடைமறித்தாள்.

மழை வந்து பன்னி பச்சையாகி, மறுபடி வெளிறியது. மலூக் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கினான். அவனைப் பார்த்த மருத்துவர், இனி கொஞ்சமாகச் சோதிக்கலாம் என்றார். பச்சைப் பாலாக வேண்டாம், மாவில் சிறிது பால் விட்டு நன்றாகச் சுட்டு, ஒரு துண்டில் தொடங்கச் சொன்னார். ரொட்டியை ரஹ்மத்தான் சுட்டாள். நகத்தளவு கிள்ளி அவன் வாயில் வைத்தாள். அவன் மென்று விழுங்கிவிட்டு இன்னும் கேட்டான்.

"இன்னிக்கு இவ்வளவுதான், ராசா," என்றாள்.

மறுநாள் காலை மூன்று பேரும் துணியின் மேல் தலை முட்டக் குனிந்து கிடந்தார்கள். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, "என்ன, மூக்குத்தி தொலைஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

"பேசாம இரு. பாத்துக்கிட்டிருக்கோம்," என்றாள் ரஹ்மத் தலை நிமிராமல்.

சிவப்பு இல்லை. சளியும் இல்லை. மித்தன் குச்சியைத் தூக்கி எறிந்தான். இன்னும் சில நாள் பார்க்க வேண்டும் என்று ஹூர்பாய்க்குத் தெரியும். ஆனாலும் எழுந்து நிற்கத் தோன்றவில்லை. இளவெயிலில் அப்படியே உட்கார்ந்து, மடியில் ஏறிய பிள்ளையின் சூடான வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.