சீர்த்தட்டுக் கற்கண்டு

எங்கள் குடும்பத்தில் சீர் கொண்டு போகிறவன், அதைச் சம்பந்தி கையில் கொடுக்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் போக வேண்டும். என் அப்பா அப்படித்தான் போனார். அவருடைய அப்பாவும் அப்படித்தான். இன்றைக்குக் காரில் ஏறியதும் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிறவர்களை நான் பார்க்கிறேன். அவர்கள் வீட்டு வழக்கம் அது. எங்கள் வீட்டு வழக்கம் வேறு.

என் பேத்தி அஸ்வினிக்குத் திருவாதவூர்ப் பக்கம், அவளுடைய அப்பா வீட்டுக் குலசாமி கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். நான் அப்போதுதான் நிமோனியாவில் படுத்து எழுந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு சேர்ந்து சர்க்கரையும் ஏறிக்கொண்டது. காய்ச்சல் இறங்கிவிட்டது, சர்க்கரை இறங்கவில்லை. காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன் வயிற்றில் இன்சுலின் போடச் சொன்னார் டாக்டர். உடம்பு தேறத் தேற அளவைக் குறைக்கலாம், நிறுத்தினாலும் நிறுத்தலாம் என்றார்.

ஊசியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அது எறும்புக்கடிதான். கவலையெல்லாம் என் மகள் தமிழ்ச்செல்வியின் மாமனார் முத்திருளனைப் பற்றித்தான். அவர் வாயில் ஒரு சேதி விழுந்தால் மேலூர்ச் சந்தைவரை போய்விட்டுத்தான் திரும்பும். "விளாங்குடிச் சம்பந்தி இப்ப ஊசியிலதான் ஓடுறாரு" என்று அவர் ஒரு தரம் சொல்லிவிட்டால் போதும், பிறகு நான் எவ்வளவு நிமிர்ந்து நடந்தாலும் பார்க்கிறவன் கண்ணுக்கு நோயாளிதான். என் மகள் அந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடக்கிறாள். அவளைப் பெற்றவன் திடமாக நிற்கிறான் என்பது அதற்கு ஒரு பலம். அதனால் வெறும் சளிக்காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். இன்சுலின் என்ற சொல் விளாங்குடியைத் தாண்டக் கூடாது என்று வீட்டில் உத்தரவும் போட்டேன்.

என் மனைவி அன்னக்கொடி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"ஊருல பாதிப் பேரு போட்டுக்கிட்டுத்தான திரியுறாக. நீங்க என்ன களவா செஞ்சுட்டீக?"

"ஒனக்குத் தெரியாது. சும்மா இரு."

ஊசி போடக் கற்றுக்கொடுத்தவர் ஆஸ்பத்திரி நர்ஸ் டயானா. "ஊசி போட்டா சாப்பிட்டே ஆகணும் பெரியவரே. வேர்த்துக் கொட்டி, கை நடுங்குச்சுன்னா சர்க்கரை எறங்குதுன்னு அர்த்தம். ஒடனே இனிப்பு வாயில போடுங்க. மத்ததெல்லாம் அப்புறம். சட்டைப் பையில நாலு மிட்டாய் வச்சுக்கங்க" என்று சொல்லியிருந்தார். இவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு சட்டைப் பையில் மிட்டாயோடு அலைவதா? நான் வைத்துக்கொள்ளவில்லை.

காதுகுத்து அன்று காலையில் அன்னக்கொடி பெண்களோடு முதல் வேனில் கிளம்பினாள். "இட்லி ஹாட்பாக்சுல இருக்கு. ஊசியப் போட்டுட்டுச் சாப்பிட்டு வாங்க" என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டுப் போனாள். நான் ஊசியைப் போட்டுக்கொண்டேன். இட்லியை எடுக்கவில்லை. சீர் கொண்டு போகிற நாளில் எப்படிச் சாப்பிடுவது? ஊசி சர்க்கரையைக் குறைக்கிறது, பட்டினியும் சர்க்கரையைக் குறைக்கிறது, இரண்டும் சேர்ந்தால் உடம்புக்கு இரட்டை நன்மை என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் சொன்னால் வேறு யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். கேட்க ஆளும் இல்லை.

அடுத்த வேனில் ஒத்தக்கடை தாண்டும்போது லேசாகப் பசித்தது. கோயிலுக்குப் பிரியும் பாதையில் இறங்கி நின்றபோது பசி போய், வயிற்றில் ஏதோ குடைந்தது. அங்கே மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். பெண்கள் வரிசையில் நின்று தட்டுகளை ஏந்தினார்கள். பழம், பட்டுப்பாவாடை, லட்டு, ஜிலேபி, கொலுசு, பிறகு மாலை போட்ட கிடாய். முதல் தட்டை வீட்டுக்குப் பெரியவன்தான் ஏந்த வேண்டும். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், நடுவில் குவித்த கற்கண்டு. வெள்ளித் தட்டு. அதை நான் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

நல்ல ஊர்வலம். முத்திருளன் தன் பங்குக்கு ஊர் மேளத்தையும் அனுப்பியிருந்தார். இரண்டு மேளமும் ஒன்றையொன்று விடாமல் அடித்தன. என் மகன் சிவக்குமார், குழந்தைக்குத் தாய்மாமன், ஜரிகைத் தலைப்பாகையோடு ஆடிக்கொண்டே வந்தான். பத்தடி நடந்தால் ஒரு ஆட்டம். வயல் வேலையில் இருந்தவர்கள்கூட வரப்பில் வந்து நின்று பார்த்தார்கள். என் மனம் நிறைந்துவிட்டது. சீர் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் முதுகில் வேர்வை ஓடியது. வெயில் என்று நினைத்தேன். பிறகு தட்டிலிருந்த கற்கண்டு கலகலவென்று சத்தம் போட்டது. குனிந்து பார்த்தால் என் கை நடுங்குகிறது. இறுக்கிப் பிடித்தேன். இன்னும் கலகலத்தது. ஆடுகிறவர்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தார்கள்.

டயானா சொன்னது அப்போதுதான் உறைத்தது. இனிப்பு வேண்டும். இனிப்பு என் கையிலேயே இருந்தது. ஆனால் அது சீர். கொடுக்கிறவனே சீரில் கை வைத்தான் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பந்தல் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். போய்விடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். காலை ஒரு இடத்தில் வைத்தால் வேறு இடத்தில் பட்டது. பின்னால் ஒருவன் தன் கூட்டாளியிடம் சிரித்துக்கொண்டே சொன்னது காதில் விழுந்தது:

"மாப்ள, பெருசு காலையிலயே ஏத்திட்டு வந்துருச்சு போலடா!"

என் வாழ்நாளில் அந்த நாற்றம் என் சட்டையில் பட்டதில்லை. தட்டோடு நான் விழுந்தால் ஊர் முழுக்க இதைத்தான் சொல்லும். பேத்தி காதுகுத்தில் தவசி குடித்துவிட்டு விழுந்தார் என்று என் மகள் காலமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதைவிடச் சீரைத் தொட்ட பழி மேல்.

தட்டை இடது கையில் அணைத்துக்கொண்டு, ஒரு கைப்பிடி கற்கண்டை அள்ளி வாயில் போட்டேன்.

அதே நேரத்தில் பந்தல் வாசல் வந்துவிட்டது. சம்பந்தி எதிர்கொள்ளும்போது மேளத்தை நிறுத்துவது வழக்கம். இரண்டு மேளமும் ஒரே அடியில் நின்றன. அந்த அமைதியில் கடுக்முடுக், கடுக்முடுக் என்று ஒரு சத்தம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் வாய்தான்.

சந்தனக் கிண்ணத்தோடு நின்ற முத்திருளன் என் தாடையைப் பார்த்தார். தட்டில் விழுந்திருந்த பள்ளத்தைப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, எங்க கைக்கு வாரதுக்குள்ள சீரு பத்திரமா இருக்கான்னு ருசி பாக்குறீகளா?"

சிரிப்பு கிளம்பியது. எனக்குப் பேச வரவில்லை, வாய் நிறையக் கற்கண்டு. மென்று விழுங்கினேன். முதுகை நிமிர்த்தினேன். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. சொல்கிறதைச் சத்தமாகச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

"காலையில இன்சுலின் ஊசி போட்டேன். சீரு எறக்காம சாப்பிடக் கூடாதுன்னு வெறும் வயித்தோட வந்தேன். சர்க்கரை எறங்கிருச்சு. கீழ விழுந்தா குடிகாரன்னு சொல்லுவீக. அதான் எடுத்துத் தின்னேன்."

வரிசையிலிருந்து அன்னக்கொடி தட்டோடு ஓடிவந்தாள்.

"இட்லி திங்கலையா? அடப் பாவி மனுசா!"

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு ஊர் நடுவில் அவள் என்னைத் திட்டியது அன்றுதான். நான் கண்டுகொள்ளவில்லை.

முத்திருளன் சந்தனக் கிண்ணத்தைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. என் தட்டிலிருந்து தன் கையாலேயே ஒரு பிடி கற்கண்டை அள்ளினார்.

"வாயத் தொறங்க."

"சம்பந்தி..."

"தொறங்கய்யா! நீங்களா எடுத்தாத்தான் அது சீருல கை வச்சது. நான் ஊட்டிவிட்டா எங்க வீட்டு விருந்து. விருந்த வேணாங்கிறது எந்த ஊரு மரியாத?"

திறந்தேன். ஊட்டினார். கூட்டம் கைதட்டியது. மேளக்காரன் தானாகவே ஒரு முத்தாய்ப்பு அடித்தான். முத்திருளன் என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, பந்திக்காரர்களைப் பார்த்துக் கத்தினார்:

"எலையப் போடுங்கப்பா! மொதல்ல சீரு கொண்டாந்தவுகளுக்குச் சாப்பாடு. காது எங்கயும் ஓடிப்போயிராது, அப்புறம் குத்திக்கிருவோம்."

அப்படித்தான் நடந்தது. காது குத்துவதற்கு முன்பே பந்தி போட்ட விசேஷம் அந்தக் கோயிலில் அதுதான் முதல். கை நடுக்கம் கொஞ்சங் கொஞ்சமாக நின்றது. அன்னக்கொடி பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் மிஷினை எடுத்து, என் விரலைக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் அவள் இலைக்குப் போனாள். டயானாவுக்கும் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அந்தப் பெண் திட்டிய திட்டைப் பந்தி முழுக்கக் கேட்டது. கடைசியில், டாக்டரிடம் கேட்டுச் சாயங்கால அளவைக் குறைத்துச் சொன்னார். "சாப்பாட்ட முன்னால வச்சுக்கிட்டுத்தான் ஊசிய எடுக்கணும், புரியுதா?" என்றார். புரிந்தது என்று எல்லோர் முன்பும் சொல்லவைத்தார்.

பிறகு சிவக்குமார் மடியில் அஸ்வினியை உட்காரவைத்துக் காது குத்தினார்கள். பெண்கள் போட்ட குலவையில் அவள் அழுகை யாருக்கும் கேட்கவில்லை. கிடாய்க் குழம்பு மணத்தது. என் உத்தரவு காற்றில் போனதில் இன்னொன்றும் நடந்தது. ஒவ்வொருவராக என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, தங்கள் சர்க்கரை எவ்வளவு, யார் என்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று சொல்லத் தொடங்கினார்கள். கோயில் பூசாரிகூட வந்தார்.

பொழுது சாய்ந்ததும் இரவுச் சாப்பாடு தயாரானது. நான் ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வேன் பக்கம் நடந்தேன். முத்திருளன் வழிமறித்தார்.

"எங்க போறீக?"

"இந்தா, வாரேன்."

"அதெல்லாம் இங்கயே போடுங்க. எங்க வீட்டு விசேஷத்துல எங்க சம்பந்தி ஒளிஞ்சு நின்னு ஊசி போட்டார்னு பேரு வரவா?"

பந்தல் நடுவில் நாற்காலி வந்தது. என் முன்னால் இலையும் வந்தது. சூடான இடியாப்பம். நான் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பிடித்தேன். பெண்கள் கூட்டத்தில் அன்னக்கொடி ஏதோ சொல்ல, என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஊசி தோலைத் தொட்டது. உடனே அத்தனை பெண்களும் சேர்ந்து குலவை போட்டார்கள். மேளமும் சேர்ந்துகொண்டது.

எங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் பலருக்குப் பல மரியாதைகள் நடந்திருக்கின்றன. இன்சுலினுக்குக் குலவை வாங்கியவன் நான்தான். ஊசியை எடுத்து மூடி, முதுகு வளையாமல் உட்கார்ந்து, இடியாப்பத்தில் கை வைத்தேன்.