பாதி எலிகள்

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது கன்டெய்னர் கதவு காற்றில் திரும்பி யுகேந்திரனின் தொடையைக் கிழித்துவிட்டது. தையல் போட்டார்கள். சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று அவன் மனைவி தாமரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் புண் நாற ஆரம்பித்தது.

அந்த நாற்றம் என்னவென்று அவன் அக்கா அமுதவள்ளிக்குத் தெரியும். பிரிக்பீல்ட்ஸில் தனியாகக் குடியிருந்தாள். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை. மருந்துக்கு அடங்காத கிருமிகளை வெள்ளியின் நானோ துகள்களால் கொல்லும் ஆராய்ச்சியிலேயே அவள் இளமை போய்விட்டது. தம்பியின் புண்ணில் எடுத்த சீழ் அவள் கைக்கே வந்தது. இருக்கிற மருந்தையெல்லாம் போட்டுப் பார்த்தார்கள். கிருமி எதையும் சட்டை செய்யவில்லை. கடைசியில் தன் துகள்களைப் போட்டாள். மறுநாள் கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டில் ஒன்றும் உயிரோடு இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா நல்லம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது அதை வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அம்மாவின் அழுகை அந்த நிமிடமே நின்றது. போய் எடுத்துக்கொண்டு வா என்றார்.

அதற்குள் கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது. இனி புண்ணில் தடவிப் பயனில்லை, நரம்பில் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றிய எலிகளில் பாதி, சிறுநீரகம் கெட்டுச் செத்திருந்தன. அமுதவள்ளி தன் பேராசிரியர் சிவநேசனிடம் போய்க் கேட்டாள். மனிதருக்குக் கொடுக்க அனுமதி கிடையாது, உன் கையால் தம்பி செத்தால் இந்த ஆராய்ச்சியும் அதோடு செத்துவிடும் என்றார் அவர். அதைக் கேட்டதும் அவள் மனதில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காக அவளால் பிற்பாடு தன்னை மன்னிக்கவே முடியவில்லை.

பிழைத்த எலிகளைப் பற்றிச் சொன்னால் அம்மா விடமாட்டார். அதனால் பொய் சொன்னாள். தட்டில்தான் சாகிறது, உடம்புக்குள் வேலை செய்யாது என்றாள்.

யுகேந்திரனுக்குக் காய்ச்சல் கொஞ்சம் தணிந்த ஒரு மத்தியானம் அவனே கேட்டான்.

"அக்கா, நீ ஏதோ கண்டுபிடிச்சிருக்கியாமே?"

அவனிடமும் அதே பொய்யைச் சொன்னாள். அவன் நம்பினான். "பரவால்லக்கா. நீ அழாத லா," என்று அவளைத் தேற்றினான். மறுநாள் போய்விட்டான்.

காரியம் முடிந்த வாரம் தமிழ்ச் செய்தியில் சிவநேசன் வந்தார். மருந்துக்கு அடங்காத கிருமி ரத்தத்தில் ஏறிய எலிகளில் பாதியைக் காப்பாற்றிவிட்டோம் என்று சிரித்த முகத்தோடு சொன்னார். அவருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டில் அமுதவள்ளி நின்றாள்.

அம்மா அவளைக் கிள்ளான் வீட்டுக்குக் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை. உட்காரவைத்துச் சோறு போட்டார், மீன் குழம்பு ஊற்றினார், அவள் பாதி சாப்பிடும்வரை பொறுத்திருந்தார்.

"எத்தனை எலி செத்துச்சு?"

"பாதிம்மா."

"மீதி?"

அமுதவள்ளி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீதி பொழச்சுச்சு. அப்போ எம்மவனுக்கும் பாதி இருந்திருக்கு. அந்தப் பாதியை நீதான் எடுத்துக்கிட்ட."

அவன் எப்படியும் செத்திருப்பான், அதுவும் இதைவிட வலியோடு செத்திருப்பான் என்று சொல்ல வாயெடுத்தாள். அது உண்மையா என்று அவளுக்கே தெரியாததால் சொல்லவில்லை. தாமரை வந்து, முடிக்காத தட்டை அவள் முன்னாலிருந்து எடுத்தாள். "கை கழுவிக்கிங்க அண்ணி. இனிமே இங்க வராதீங்க," என்று மெதுவாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அம்மா போனை எடுக்கவில்லை. கோயிலில் யாராவது கேட்டால் எனக்கு ஒரே பிள்ளை, அவனும் போயிட்டான் என்று சொல்கிறார் என அவள் காதில் விழுந்தது.

தம்பியின் கிருமி ஆய்வுக்கூடத்து உறைபெட்டியில் பத்திரமாக இருந்தது. அங்கே இருந்ததிலேயே அடங்காதது அதுதான் என்பதால் அடுத்த சோதனைகளுக்கு அதையே எடுத்துக்கொள்ளச் சொன்னார் சிவநேசன். அமுதவள்ளி அதை வெளியே எடுத்து, இளஞ்சூட்டில் வைத்து, தீனி போட்டாள்.

அது நன்றாக வளர்ந்தது.