குரல் வந்த பக்கம்

என் மண்டைக்குள் ஒரு சந்தை நடக்கிறது. ஊர்ச்சந்தையாவது வாரத்துக்கு ஒரு நாள் கூடிக் கலையும். இது கலைவதே இல்லை. ஏற்காடு கடைவீதியில் மிளகு, காப்பித்தூள், தேன் விற்கிற அன்வர் பாய் என்று கேட்டால் யாரும் என் கடையைக் காட்டுவார்கள். கடையில் ஆள் இருப்பேன், மனம் இருக்காது. மிளகு கேட்ட ஒருவருக்குத் தேனைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அவரும் என் ஜாதி போலிருக்கிறது, தேனை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

தூக்கம் கெட்டு, ரத்த அழுத்தம் ஏறி, சேலத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை எழுதிவிட்டு, மனம் ஓய்கிற மாதிரி ஏதாவது விளையாடச் சொன்னார். கேரம் என்றோ செஸ் என்றோ சொல்லியிருப்பார். நான் அப்போது கடை ஷட்டரைப் பூட்டினேனா என்று யோசித்துக்கொண்டிருந்ததால் சரியாகக் காதில் விழவில்லை. என்னிடம் காப்பித்தூள் வாங்குகிற ரொனால்ட் சார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அதைக் கேட்டதும் கோல்ஃப் ஆட வாருங்கள் என்று கூட்டிப் போய்விட்டார்.

மஞ்சக்குட்டை போகிற வழியில் ஒரு எஸ்டேட் சரிவில் இருக்கிறது அந்த மைதானம். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒன்பது குழிகள், சுற்றிலும் காப்பிச் செடி. ஆடுகிறவர்கள் சில எஸ்டேட்காரர்கள், சில வாத்தியார்கள், கூட ஒரு மிளகு வியாபாரி.

மனம் ஓடுகிறவனுக்கு இதைவிடக் கெட்ட விளையாட்டு உலகத்தில் கிடையாது. கிரிக்கெட்டில் பந்து உங்களை நோக்கி வரும், யோசிக்க நேரமில்லை. கோல்ஃப் பந்து அசையாமல் உட்கார்ந்து நம்மையே பார்க்கும். அடிக்கிறாயா, இல்லை இன்னும் கொஞ்சம் யோசிக்கிறாயா என்று கேட்கும். நான் யோசிப்பேன். முட்டி மடங்கியிருக்கிறதா, தோள் சாய்ந்திருக்கிறதா, மிளகு மூட்டையில் ஈரம் ஏறியிருக்குமா, நேற்று வந்த கோயம்புத்தூர்க்காரர் ஏன் சிரித்தார். இந்த மந்திரிசபைக் கூட்டம் முடிவதற்குள் மட்டை தானாகவே இறங்கிவிடும், பந்து காப்பிச் செடிக்குள் போய்விடும். பழம் பறிக்கிற பெண்கள் என் பந்துகளையும் கூடையில் சேர்த்துப் போட்டு வந்து கொடுப்பார்கள். இந்த வருடம் பாய் காட்டில் நல்ல மகசூல் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு.

செல்போனில் பாடம் பார்த்தேன். மனதைக் காலியாக்கு என்றார் ஒரு வெள்ளைக்காரர். காலியாக்கினேன். காலியான இடத்தில் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவு வந்து நின்றது, சாத்தினேனா இல்லையா என்று. மூச்சை எண்ணு என்றார் இன்னொருவர். எண்ணிக்கொண்டே போனதில் அது மூட்டைக் கணக்காக மாறிவிட்டது.

இதற்கு நடுவில் என் மனைவி சலீமா வீட்டை விட்டுப் போகிறாள் என்பது எனக்குத் தெரிய வந்தது.

தெரிய வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அவள் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள், நானும் ஒவ்வொரு முறையும் ‘ம்’ போட்டிருக்கிறேன். ஒரு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து பெரிய பெட்டியை இழுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன். மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். சேலத்தில் மகள் ஆஸ்மா வேலைக்குப் போகிறாளாம், பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம், திங்கட்கிழமை கிளம்புகிறாளாம். எப்போது திரும்புவாய் என்றேன். அவள் குனிந்து பெட்டியின் அடிப்பக்கத்தைத் துடைத்தாள். பேரன் ஒரு சாக்கு என்பது எனக்கே புரிந்தது. 

உடனே பேசியிருக்க வேண்டும். நான் என்ன முடிவெடுத்தேன் தெரியுமா? இந்தக் கலங்கிய மனதோடு பேசினால் உளறிவிடுவேன். முதலில் மனதை அடக்குவோம், பிறகு அவளிடம் பேசுவோம். மனதை அடக்க எது வழி? கோல்ஃப். ஞாயிற்றுக்கிழமை வருடக் கடைசிப் போட்டி. வீடு பற்றி எரிகிறபோது வாளிக்குப் பெயின்ட் அடிக்கப் போனவன் நான்.

அந்தப் போட்டியில் நான் இறுதி ஆட்டம் வரைக்கும் வந்திருந்தேன். திறமை என்று யாரும் எண்ண வேண்டாம். என்னோடு ஆட வேண்டியவர்களில் ஒருவர் வீட்டில் கல்யாணம், இன்னொருவருக்குக் காய்ச்சல். எதிரில் ஜெயபிரகாஷ். தலைச்சோலை பக்கம் காப்பித்தோட்டம் வைத்திருப்பவர், அதிராத மனுஷர். அவர் தலைக்குள் வெயிலில் ஒரு மாடு படுத்து அசைபோடும், அவ்வளவுதான் நடமாட்டம். அப்படிப்பட்டவரோடு கடைசிக் குழி வரைக்கும் சரிக்குச் சரியாக நின்றேன் என்றால் அன்று அவருக்குப் பல்வலி.

கடைசிக் குழிக்கு வரும்போது மேகம் இறங்கிவிட்டது. வேறு ஊராக இருந்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். எங்கள் மலையில் மேகத்துக்கெல்லாம் ஆட்டத்தை நிறுத்தினால் பாதி வருடம் ஆடவே முடியாது. அதனால் இங்கே ஒரு வழக்கம். குரல் கொடுப்பது என்று பெயர். ஆடுகிறவருடைய ஆள் ஒருவர் கீழே போய், குழிக்கு நேர் பின்னால் இருக்கிற பாறையின் மறைவில் நின்று பேசிக்கொண்டே இருப்பார். குரல் வருகிற பக்கம் பார்த்துப் பந்தை அடிக்க வேண்டியது. என்ன வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் பந்து கிளம்புகிறவரைக்கும் நிறுத்தக் கூடாது. மற்றவர்கள் மூச்சு விடக் கூடாது. அடித்ததும் ஆடினவர் ‘வருது’ என்று கத்த வேண்டும், கீழே இருப்பவர் தலையைக் குனிந்துகொள்ள. ரொனால்ட் சார் எனக்குக் குரல் கொடுக்கும்போது பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுவார்.

அன்று சாருக்குத் தொண்டை கட்டியிருந்தது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

அந்த நேரம் பார்த்து சலீமா வந்து நின்றாள். வீட்டுச் சாவி இரண்டையும் நானே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேனாம். அவள் வாசலைச் சாத்திவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய் வருவதற்குள் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேனாம். ஜீப் பிடித்துச் சாவி வாங்க வந்திருக்கிறாள். ரொனால்ட் சார் அவளிடம் சைகையிலும் காற்றிலுமாக விஷயத்தைச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். முடியாது என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சரிவில் இறங்கி மேகத்துக்குள் போய்விட்டாள்.

ஜெயபிரகாஷ் முதலில் அடித்தார். அவருடைய மச்சான் கீழிருந்து குரல் கொடுத்தும் பந்து ஓரமாக எங்கோ விழுந்தது. பல்வலி.

என் முறை. பந்துக்கு முன்னால் போய் நின்றேன். நாலு பக்கமும் வெள்ளை, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மண்டைக்குள் சந்தை கூடத் தொடங்கியது. அப்போது கீழிருந்து சலீமாவின் குரல் வந்தது.

அவள் சத்தமாகப் பேசுகிறவள் இல்லை. அதனால் நான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. குரல் கொஞ்சம் இடப்பக்கமிருந்து வந்தது, கொஞ்சம் தாழ்வாக, விட்டு விட்டு. அந்தக் குரல் எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்குள் நுழையவில்லை. மிளகு போனது, ஷட்டர் போனது, ஃப்ரிட்ஜ் போனது, முட்டியும் தோளும் போயின. சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்நாளில் முதல் தடவையாகத் தலைக்குள் ஒருவருமே இல்லை. மட்டை எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று எனக்குத் தெரியாது. ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவு சுத்தமான சத்தம் அதற்கு முன் என் மட்டையிலிருந்து வந்ததில்லை.

“வருதூ” என்று கத்தினேன். சந்தோஷத்தில் குரல் உடைந்துவிட்டது.

கீழே இறங்கிப் போனால், பந்து குழிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் கோப்பை எனக்கு. சலீமாவிடம் காட்டலாம் என்று பாறைக்குப் பின்னால் பார்த்தேன். ஆள் இல்லை. ரொனால்ட் சார் தரையைப் பார்த்தபடி நின்றார். மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஒருவரும் கை தட்டவில்லை. இவ்வளவு நல்ல அடிக்கு இப்படிப் பொறாமையா என்று நினைத்தேன். பாருங்கள், அந்தப் புத்தி எனக்கு.

ஜெயபிரகாஷ்தான் பக்கத்தில் வந்தார்.

“பாய், பந்து எங்கயும் போயிராதுங்க. மொதல்ல அவங்களுக்குப் பதில் சொல்லிட்டு வாங்க.”

எதற்குப் பதில் என்று கேட்டேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். நான் நடிக்கவில்லை என்று தெரிந்ததும் அவருக்கே என்னவோ போலாகிவிட்டது. வீக்கம் கண்ட கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி சொன்னார்.

“ஆஸ்மா கூப்புட்டான்னு போகலீங்க, ஊட்ல பேச ஆளில்லாமத்தான் போறேன்னாங்க. எதுத்தாப்ல மூஞ்சியப் பாத்தா பேச வரமாட்டேங்குது, இப்ப மூஞ்சி தெரியல, அதனால கேக்கறேன்னாங்க. போகாதேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் இருந்துக்கறேன்னாங்க.” கன்னத்திலிருந்து கையை எடுத்தார். “நீங்க ‘வருது’ன்னு கத்துனீங்க, பாய்.”

மேகத்துக்குள் அத்தனை பேரும் மூச்சு விடாமல் நின்று கேட்டிருக்கிறார்கள். அது விதி. கேட்க வேண்டியவன் ஒருத்தன் மட்டும் கேட்கவில்லை. எனக்கு அவமானம் வந்தது, அதற்குப் பின்னாலேயே பயம் வந்தது. பயம்தான் பெரிசாக இருந்தது.

மட்டையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். திருப்பத்தில் ஜீப் ஆள் சேர்வதற்காக நின்றுகொண்டிருந்தது. பின் சீட்டில் சலீமா, பக்கத்தில் இரண்டு முட்டைக்கோசு மூட்டை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, போகாதே என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். “நான் கேட்டது உங்க காதுல விழுந்துச்சுங்களா, இல்ல ஜெயபிரகாஷ் சொல்லித்தான் வந்தீங்களா?”

வழக்கமாக இந்த இடத்தில் என் மண்டை ஏழெட்டுப் பொய்களைத் தயார் பண்ணிக் கொடுக்கும். அன்றைக்கும் கொடுத்தது. ஒன்றையும் எடுக்கவில்லை. அவர் சொல்லித்தான் வந்தேன் என்றேன். உன் குரல் மட்டும்தான் கேட்டது, அதைத் தவிர வேறு எதையுமே நான் கேட்கவில்லை, ஆனால் நீ என்ன சொன்னாய் என்று தெரியவில்லை என்றேன்.

“இத்தன வருசமும் அதேதானுங்க,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஜீப் போய்விட்டது. திங்கட்கிழமை அவளும் போய்விட்டாள். நான்தான் பெட்டியை பஸ் ஸ்டாண்டுக்குத் தூக்கிப் போனேன். ஆட்டத்தைப் பாதியில் விட்டவனுக்குக் கோப்பை கிடையாது, அது ஜெயபிரகாஷுக்குப் போனது. அவர் அதற்காக என்னிடம் வருத்தம் வேறு தெரிவித்தார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா தொழுகை முடிந்ததும் கடையைத் திறக்காமல் சேலத்துக்கு பஸ் ஏறினேன். ஆஸ்மா வீட்டுச் சமையற்கட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருவேன். சலீமா வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசுவாள். முதல் வெள்ளி அதிகம் பேசவில்லை. அடுத்தடுத்துப் பேசினாள். நான் பெரிய மாற்றம் அடைந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். பாதிப் பேச்சில் மிளகு வந்து நிற்கத்தான் செய்தது. வந்தால், இப்போது கடை ஞாபகம் வந்துவிட்டது, விட்ட இடத்திலிருந்து சொல் என்பேன். முதலில் முறைத்தாள். பிறகு முறைத்துக்கொண்டே சொன்னாள்.

போன வெள்ளிக்கிழமை கிளம்பும்போது, ஒரு மாதம் இருந்து பார்க்கிறேன் என்று அவளும் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். பெட்டியை எடுக்கவில்லை, பையை மட்டும்தான். அதை நான் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் நான், பக்கத்தில் அவள். கொண்டை ஊசி வளைவுகள் ஏற ஏற எனக்கு இரண்டு காதும் அடைத்துக்கொண்டது. அப்போது அவள் ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது. ‘ம்’ என்பது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

விழுங்கினேன். “காது அடைச்சிருச்சு சலீமா, ஒண்ணும் கேக்கல. மறுபடி சொல்லு.”

அவள் என் பக்கம் குனிந்து, முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்.

“வாந்தி வர்றாப்ல நொம்ப ஒரு மாதிரி இருக்குதுங்க. ஜன்னல் பக்கம் எனக்கு விடுங்க.”

பஸ் வளைவில் சாய்ந்துகொண்டிருந்தது. கம்பியைப் பிடித்து எழுந்து, அவளை ஜன்னல் ஓரம் உட்காரவைத்தேன்.