அயிலையின் வயிறு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதாம் வருஷம், தாசம்மாள் விற்ற அயிலையில் புழு கிடந்ததாகச் சந்தை முழுக்கப் பேச்சு. அழுகல் மீன் விற்கிறாள் என்று சந்தை அதிகாரி அவளுடைய இடத்தைப் பறிக்க நின்றார். வலியதுறைக் கடற்கரையிலிருந்து கூடை சுமந்து கழுத்து கடுத்து வருகிறவளுக்குப் பழவங்காடிக்குப் பக்கத்துச் சந்தையில் இந்த நாலடித் தரைதான் பிழைப்பு.

"காலேஜில் மீன் ஆராயுற சாமி இருக்கார். புழு அழுகலில் வந்ததில்லைன்னு அவர் எழுதித் தரட்டும். சனிக்கிழமை வரை பார்ப்பேன்" என்றார் அதிகாரி.

சாமி, கரமனை அக்கிரகாரத்து வெங்கடேஸ்வரன். திங்கள் முதல் தினமும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, அறுத்துப் பார்க்க இரண்டு அயிலை கேட்டார். "நன்னா சுத்தம் பண்ணிக் குடு."

தன் பிழைப்பே அவர் கையில் என்பதால் தாசம்மாள் குறை வைக்கவில்லை. செவுளைக் கிள்ளி, குடலை வழித்துக் காக்கைக்கு எறிந்து, மூன்று தண்ணீரில் அலசி இலையில் பொதிந்து கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை அவர் முகம் தொங்கிக் கிடந்தது. "மீன் எதைத் தின்னதுன்னு தெரிஞ்சாத்தானே புழு எங்கேருந்து வந்ததுன்னு சொல்லலாம். வயித்துல ஒண்ணுமே இல்லையே, தாசம்மா."

"வயிறே இல்லியே சாமி. நாலு நாளா அதக் காக்கையில்லா தின்னுது."

"ஏன் எறிஞ்சே?"

"சுத்தம் பண்ணச் சொன்னது ஆரு? கத்திரிக்கா வாங்குத மாதிரி மீன் வாங்கினா இப்படித்தான்."

சுற்றியிருந்த மீன்காரிகள் கூடையைத் தட்டிச் சிரித்தார்கள். சாமியும் வயிறு குலுங்கச் சிரித்தார். துண்டு நழுவியது தெரியவில்லை.

அவள் அப்போதுதான் கரையேறிய ஓர் அயிலையைக் கீறினாள். இரைப்பை நிறையக் கூனி இறால், பாதி கரைந்தும் கரையாமலும். சாமி வேட்டியை மடித்துக் குந்தினார். கூனிகளை ஊசியால் ஒவ்வொன்றாகப் பிளந்து பூதக்கண்ணாடியில் பார்த்தார். பத்தொன்பதாவது கூனிக்குள் நூல்போல ஒரு புழு சுருண்டு கிடந்தது. மீனின் குடல்மேலும் அதே சாதிப் புழு.

"பாரு தாசம்மா. புழு கூனிக்குள்ள இருக்கு. கூனியை அயிலை தின்னறது. அப்புறம் இது குடலைத் துளைச்சுண்டு வெளியே வந்து குடியிருக்கு. அழுகலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

"கடல்லயே ஏறினதா? நான் கூடையையில்லா மண்ணு போட்டுத் தேய்ச்சேன்."

சாமி அங்கேயே எழுதிக் கொடுத்தார். மறுநாள் அதிகாரி அதை இரண்டு தரம் வாசித்து, அவள் இடத்தை அவளுக்கே விட்டுவிட்டுப் போனார். அவர் தலை மறைவதற்குள் ஒருத்தி வந்து, "புழு இருக்குமா?" என்றாள்.

"இருந்தா இருக்கும்" என்று தாசம்மாள் மீனைக் கையிலெடுத்தாள். "கடல்ல தின்னு வளந்த மீனு. குடலை எடுத்து நல்லா வேகவை, ஒண்ணும் செய்யாது. எத்தனை வேணும், சொல்லு."