லுனிங்கின் முகம்

கடலோர ஊரான மலபோனில் கடல் ஏறும் நாட்களில் தெருவெல்லாம் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். அன்றும் நின்றது. ஜீப்னி வேனிலிருந்து இறங்கிய ஓபெத் தன் வாலைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். பச்சை ரப்பர் வால், உள்ளே பஞ்சு. வண்டியில் வரும்போது அது பாதி வழி ஒரு மீன்காரியின் மடியில் கிடந்தது. அவள் கூடையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாளே தவிர ஒன்றும் கேட்கவில்லை.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, திரும்பிடலாம்," என்றாள் கூட வந்த ரசிகர் மன்றத் தோழி வெங். "எழவு வீட்டுக்குப் பல்லி வேஷத்துல யாராவது போவாங்களா?"

"நான்தான் பல்லி. நீ லுனிங்."

"செருப்படி விழுந்தா ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் விழும்."

இறந்துபோனவர் ஹெர்மோ பந்தோஹா. 'இரும்புப் பல்லி' படக்கதையை வாராவாரம் வரைந்தவர். பகலில் சாதாரண மனிதனாகவும் இருட்டினால் சுவர் ஏறும் பல்லியாகவும் இருக்கும் அந்த நாயகனைத் தன் படகில் ஒளித்து வைத்துக் காப்பாற்றுகிற ஓடக்காரிதான் லுனிங். இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம். அந்தக் காலத்தில் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதிய ஆண்கள் நிறையப் பேர். முடிதிருத்தும் கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்த இதழ்களை வாடகைக்கு வாங்கிப் படித்து வளர்ந்தவன் ஓபெத். இப்போது தண்ணீர் வாரிய அலுவலகத்தில் வேலை. காதோரம் நரைத்துவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. அலுவலகத்தில் அவனை யாரும் எதற்கும் கேட்பதில்லை. ரசிகர் மன்றத்திலோ எந்தச் சந்தேகம் வந்தாலும் "ஓபெத் அண்ணனைக் கேளு" என்பார்கள்.

அவன் கண்டுபிடித்த விஷயங்களில் மன்றமே வாய் பிளந்தது ஒன்று உண்டு. பழைய சினிமா பத்திரிகை ஒன்றில் நெனிதா வில்லார் என்ற துணை நடிகையின் படம் அவனுக்குக் கிடைத்தது. அதே கண்கள், அதே தாடை, அதே இடத்தில் மச்சம். ஹெர்மோ கல்யாணத்துக்கு முன்னால் சினிமா பேனர் வரைந்துகொண்டிருந்த ஸ்டூடியோவில்தான் அவளும் நடித்திருக்கிறாள். இரண்டு முகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவன் போட்ட பதிவைப் பகிராத ரசிகன் இல்லை. ஒரு ரசிகர் கூட்டத்தில் ஹெர்மோவிடமே அதைக் கேட்டும் இருக்கிறான். கிழவர் ரொட்டியைக் காபியில் நனைத்தபடி அவனைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான்.

வெங் பயந்த மாதிரி செருப்படி ஒன்றும் விழவில்லை. வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் பல்லியைக் கண்டதும் கைதட்டினார்கள். பிள்ளைகள் வாலைப் பிடித்துத் தொங்கினார்கள். ஹெர்மோவின் மனைவி அலிங் பூரிங், சவப்பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் விசிறியோடு உட்கார்ந்திருந்தவர், தலையைத் தூக்கிப் பார்த்தார். முதலில் புரியவில்லை. பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"ஏங்க, உங்க பல்லி வந்திருக்கு பாருங்க," என்று பெட்டியின் கண்ணாடியைத் தட்டிச் சொன்னார். "வாங்க தம்பி. வால் நனைஞ்சிருக்கே, யாராவது துணி கொடுங்க!"

அவர் சிரித்து நாலு நாளாகிறது என்று யாரோ சொன்னார்கள். ஓபெத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அலிங் பூரிங்கின் மகள் ஆர்லின் வெங்கின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். தொலைக்காட்சிக்கு மேலே சட்டம் போட்ட ஒரு பக்கம் மாட்டியிருந்தது: படகில் துடுப்போடு நிற்கும் லுனிங்.

"லுனிங் வேஷம் போட்டு வந்திருக்கீங்க, ஆனா நிஜ லுனிங் யாருன்னு தெரியுமாக்கா?" என்றாள் ஆர்லின். "எங்க அம்மாதான். அந்த மச்சத்தைப் பாத்தீங்களா? கல்யாணத்துக்கு முன்னாடியே அப்பா அம்மாவைப் பாத்துட்டாராம், இங்க படகுத்துறையில. ஊர்ல எல்லாரும் அம்மாவை லுனிங்னுதான் கூப்பிடுவாங்க. மீன் மார்க்கெட்ல இன்னிக்கும் அந்தப் பேருக்கு ரெண்டு மீன் கூடப் போடுவாங்க."

வெங் திரும்பி கதவு வழியே அலிங் பூரிங்கைப் பார்த்தாள். இடது கண்ணுக்குக் கீழே, சுருக்கங்களுக்கு நடுவில், மச்சம் இருந்தது.

அதற்குள் வெளியே யாரோ ஓபெத்தின் கையில் மைக்கைக் கொடுத்திருந்தார்கள். "பல்லி ரெண்டு வார்த்தை பேசட்டும்!"

ரெண்டு வார்த்தையோடு நிறுத்த அவனுக்கு வராது. முதல் இதழின் அட்டையிலிருந்து ஆரம்பித்தான். எந்தக் கதையில் பல்லியின் வால் அறுந்தது, எதில் மறுபடி முளைத்தது, எல்லாம் சொன்னான். கூட்டம் ரசித்தது. அலிங் பூரிங் தலையாட்டிக்கொண்டே கேட்டார். தண்ணீர் வாரியத்தில் யாரும் தன் பேச்சை இப்படிக் கேட்டதில்லை என்ற நினைப்பு அவனுக்குள் ஓடியது. இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைக்கிற மாதிரி.

"லுனிங்கோட முகம் யாரோடதுன்னு நாங்க ரசிகர்கள் பல வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தோம்," என்றான். "நான் கண்டுபிடிச்சேன். நெனிதா வில்லார்னு ஒரு நடிகை. ஹெர்மோ மேஸ்ட்ரோவோட முதல் காதல்! நான் சும்மா சொல்லல. அவரே என்கிட்ட ஒத்துக்கிட்டார்."

உள்ளிருந்து வந்த வெங் இரண்டு கையையும் ஆட்டினாள். இன்னும் சொல் என்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, அவன் அந்த மச்சத்தைப் பற்றியும் சொன்னான். கலைஞன் ஒரு முகத்தைத்தான் வாழ்நாள் முழுவதும் வரைகிறான் என்றும், மறக்க முடியாத அந்த முகத்தை ஹெர்மோ தாளில் வைத்து வாழ்ந்தார் என்றும் சொல்லி முடித்துக் கைதட்டலுக்காக நின்றான்.

யாரும் தட்டவில்லை. சீட்டாட்ட மேசையில் ஒருவர் போடப்போன சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். அலிங் பூரிங்கின் விசிறி நின்றிருந்தது. அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, ஓபெத்தையும் பார்க்கவில்லை. "ஆர்லின், எல்லாருக்கும் காபி கொடும்மா. ஆறிடப்போகுது," என்றார்.

எழவு வீட்டிலிருந்து நேரே வீட்டுக்குப் போகக் கூடாது என்ற ஊர் நம்பிக்கைப்படி இருவரும் வழியில் ஒரு நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்தார்கள். ஆர்லின் சொன்னதை வெங் அங்கேதான் சொன்னாள். ஓபெத் கேட்டுக்கொண்டிருந்தான். பச்சை உடைக்குள் வியர்வை வழிந்தது. முதுகுப்பக்க ஜிப்பை இன்னொருவர்தான் இறக்கிவிட வேண்டும். அவளிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள்.

"உண்மையாவே அவர் ஒத்துக்கிட்டாரா?" என்றாள் வெங்.

"சிரிச்சார்."

"சிரிச்சாரா? அவ்வளவுதானா?"

அவன் நூடுல்ஸைக் கிளறினான்.

"அட பாவி," என்றாள் வெங். அதற்கு மேல் அவளும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அவன் பேச்சை யாரோ படம் எடுத்து இணையத்தில் போட்டிருந்தார்கள். அடக்கம் முடிவதற்குள் அது ஊரெல்லாம் சுற்றிவிட்டது. பல்லி வேஷக்காரன் போட்டு உடைத்த ரகசியக் காதல் என்று தலைப்பு வேறு. அடக்கத்தன்று அவன் சாதாரணச் சட்டையில் கல்லறை மதிலோரம் நின்றுவிட்டு, யாரும் பார்ப்பதற்கு முன் திரும்பிவிட்டான்.

அன்றே உட்கார்ந்து மன்றப் பக்கத்தில் எழுதினான்: 'ஹெர்மோ என்னிடம் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் பொய் சொன்னேன். அந்த நடிகை யாரென்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது.' எல்லாரும் காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்தான். 'குடும்பம் மிரட்டுச்சா அண்ணே?' என்று ஒருவன் கேட்டான். 'எவ்வளவு தன்னடக்கம்!' என்றாள் ஒருத்தி. பலர் இதயம் போட்டார்கள். பழைய பதிவை அழித்தான். அதன் பிரதி நூறு இடத்தில் இருந்தது.

நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு அவனை யாரும் கூப்பிடவில்லை. ஜெபம் முடிந்து கூட்டம் கலைந்திருக்கும் நேரம் பார்த்துப் போனான். ஆர்லின் கதவைத் திறந்து, அவனைப் பார்த்ததும் முகம் இறுகி நின்றாள். உள்ளிருந்து, "யாரு? பல்லித் தம்பியா? வரச் சொல்லு," என்று குரல் வந்தது.

அலிங் பூரிங்குக்கு எதிரே உட்கார்ந்ததும், மனப்பாடம் செய்து வந்ததையெல்லாம் அவன் மறந்துபோனான். "அவர் என்கிட்ட ஒண்ணும் சொல்லலம்மா," என்றான். "கேட்டேன், சிரிச்சார். நான்தான் பெருமைக்காக அப்படிச் சொல்லிட்டேன்."

"சிரிச்சாரா?" அவர் கொஞ்சம் யோசித்தார். "அவர் எல்லாத்துக்கும் சிரிப்பார். வாடகை கேட்டு வந்தாலும் சிரிப்பார். நான் கேட்டப்பவும் சிரிச்சார்."

"நீங்க என்ன கேட்டீங்க?"

"இது நான்தானேன்னு." அவர் தொலைக்காட்சிக்கு மேலே கையைக் காட்டினார். படம் அங்கேயே இருந்தது. "சிரிச்சாரு. நான் ஆமான்னு எடுத்துக்கிட்டேன். நீயும் உன் பங்குக்கு எடுத்துக்கிட்ட."

ஓபெத் தலையைக் குனிந்துகொண்டான்.

"படத்தைக் கழட்டிடலாம்னு ஆர்லின் சொன்னா. எதுக்கு? அது அவர் போட்டது. என்ன, முன்னல்லாம் வர்றவங்க அந்தப் படத்தைப் பாத்துட்டு என்னைப் பாப்பாங்க. இப்பவும் பாக்கறாங்க. ஆனா இப்ப அளவெடுக்கற மாதிரி பாக்கறாங்க. நானே கண்ணாடியில அப்படித்தான் பாக்கறேன்." பிறகு, "அந்தப் பொண்ணு படம் வச்சிருக்கியா?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. செல்போனை எடுத்து நீட்டினான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் பெரிதாக்கி, வெகு நேரம் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கா. உசிரோட இருக்காளா?"

"தெரியாதும்மா."

"தெரியாதா? உனக்கு எல்லாம் தெரியும்னாங்களே." குரலில் கோபம் இல்லை. போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஆர்லின், தம்பிக்குத் தட்டு போடு. பஞ்சித் நூடுல்ஸ் மிச்சம் இருக்கு."

அவன் சாப்பிட்டான். வேண்டாம் என்று சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று பட்டது. அலிங் பூரிங் எதிரே உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்தபடி, அறுந்த வால் மறுபடி முளைக்கும் கதை எந்த வருஷம் வந்தது என்று கேட்டார். அவனுக்குத் தெரியும். நினைவில்லை என்றான்.

ஆர்லின் வாசல்வரை வந்தாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேம்மா," என்றான்.

"வராதீங்கண்ணே." அவள் மெதுவாகத்தான் சொன்னாள், உள்ளே கேட்காமல். "அம்மாவுக்குப் பழைய கதை பேச ஆளில்ல. உங்களைக் கூப்பிடுவாங்க. கூப்பிட்டாலும் வராதீங்க. நீங்க வந்துட்டுப் போனா அன்னிக்கு முழுக்க அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

அவன் சரி என்று தலையாட்டினான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அலிங் பூரிங்கிடமிருந்து போன் வந்தது. ஓபெத் அலுவலகத்தில் இருந்தான். எதிரே தண்ணீர் கட்டணத் தகராறோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மேசைமேல் அதிர்ந்துகொண்டிருந்த போனைப் பார்த்து, "எடுங்க சார், நான் நிக்கறேன்," என்றார் அவர்.

"பரவாயில்ல," என்று சொல்லிவிட்டு, போன் நிற்கும்வரை ஓபெத் அவருடைய ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தான்.